கைப்பேசி உங்களுடையது, அதனுள் இருக்கும் பெயர் யாருடையது?

விடியற்காலை 5.30 மணிக்குப் பெரட்டுக்குப் புறப்படும் பால்மரத் தொழிலாளரின் கையில் வெட்டுக் கத்தியும், சட்டைப் பையில் கைப்பேசியும் இருப்பது இன்று எந்தத் தோட்டத்திலும் காணக்கூடிய காட்சியாகும். சம்பளம் வங்கியில் சேர்ந்த செய்தி அதில் வருகிறது. பிள்ளையின் பள்ளி ஆசிரியர் அனுப்பும் அறிவிப்பும் அதில்தான் வருகிறது. ஊழியர் சேமநிதிக் கணக்கைத் திறப்பதற்கான இரகசிய எண்ணும் அதற்கே வந்து சேருகிறது. ஆயினும், இக்கருவியைப் பற்றி நம்மிடம் யாரேனும் நான்கு கேள்விகள் கேட்டால் விடை கூற இயலாமல் விழிப்போர் நம்மிடையே பலர் உளர்.

எமக்குத் தெரிந்த தோட்டமொன்றில் நிகழ்ந்ததை இங்குக் கூறுவது பொருந்தும். பால் வெட்டும் அம்மையார் ஒருவர், மழைக்காலத்தில் மேட்டு நிரையிலிருந்து இறங்கும்போது சறுக்கி விழுந்தார். அவருக்குக் காயமில்லை, கைப்பேசிதான் வாய்க்காலோடு போயிற்று. மறுவாரம் பட்டணத்திற்குச் சென்று புதிய கைப்பேசி ஒன்றை வாங்கினார். கடைக்காரர் கேட்ட முதற்கேள்வி: "பழைய கைப்பேசியில் இருந்த கூகுள் கணக்கின் முகவரி என்ன?" அம்மையாருக்குத் தெரியவில்லை. அக்கணக்கை நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு கடையில் வேலை பார்த்த இளைஞர் திறந்து கொடுத்திருந்தார். இரண்டாம் கேள்வி: "சிம் அட்டை யார் பெயரில் பதிவாகியுள்ளது?" அது மூத்த மருமகன் பெயரில் இருந்தது, மருமகனோ ஜொகூரில் வேலைக்குச் சென்றிருந்தார். அவர் விடுமுறையில் வந்து, தம் அடையாள அட்டையைக் காட்டி, அதே எண்ணில் மாற்று அட்டை பெற்றுத் தரும்வரை, அம்மையாரால் தமது சேமநிதிக் கணக்கையும் பார்க்க முடியவில்லை. வங்கிச் செயலியையும் திறக்க முடியவில்லை. மகளின் திருமணப் படங்கள் திரும்பக் கிடைக்கவேயில்லை.

அந்த அம்மையார் செய்த பிழை என்று இதில் ஒன்றும் இல்லை. பணம் கொடுத்து வாங்கிய பொருள் தமக்கே உரியது என்று அவர் எண்ணினார். நாமும் அவ்வாறே எண்ணுகிறோம். ஆனால், கைப்பேசியைப் பொறுத்தவரை, கருவி ஒருவருக்கும், எண் மற்றொருவருக்கும், கணக்கு மூன்றாமவருக்கும் உரியதாக இருக்கக்கூடும். எது யார் பெயரில் இருக்கிறது என்பதை நாமே பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழிகளை இக்கட்டுரையில் காண்போம்.

கருவிக்கு ஓர் எண், அட்டைக்கு ஓர் எண்

நம் மக்கள் பலரிடம் மோட்டார் சைக்கிள் உண்டு. அதன் சட்டத்தில் பொறிக்கப்பட்ட சேசிஸ் எண் ஒன்று. முன்னும் பின்னும் தகட்டில் எழுதப்பட்ட பதிவு எண் மற்றொன்று. வண்டி யாருடையது என்பதைக் கூறும் கிராண்ட் பத்திரம் வேறொன்று. கைப்பேசியிலும் ஏறத்தாழ இவ்வாறே அமைந்துள்ளது.

சேசிஸ் எண்ணைப் போன்றது, ஐ.எம்.இ.ஐ. எனப்படும் 15 இலக்க எண். கைப்பேசியில் எண்களை அழுத்தும் பகுதியைத் திறந்து, ஒருவரை அழைக்கப் போவது போல *#06# என்று அழுத்தினால் போதும். அழைப்புப் பொத்தானை அமுக்க வேண்டியதில்லை. கடைசிக் குறியை அழுத்தியவுடனேயே எண் திரையில் தோன்றும். விலை குறைந்த பொத்தான் கைப்பேசியாயினும், விலை உயர்ந்த திறன்பேசியாயினும் இம்முறை ஒன்றே. இரண்டு சிம் அட்டைகள் போடக்கூடிய கைப்பேசியாயின் இரண்டு எண்கள் தோன்றும். இரண்டையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்த 15 இலக்கங்களும் பொருளின்றி அடுக்கப்பட்டவை அல்ல. நமது மைகார்டில் உள்ள 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதியையும், அடுத்த இரண்டு பிறந்த இடத்தையும் கூறுவது போல, ஐ.எம்.இ.ஐ. எண்ணில் முதல் எட்டு இலக்கங்கள் அது எந்த வகைக் கைப்பேசி என்பதைக் கூறும். அடுத்த ஆறு இலக்கங்கள் அக்கருவிக்கே உரிய வரிசை எண். கடைசி இலக்கம், முந்திய எண்கள் பிழையின்றி எழுதப்பட்டுள்ளனவா என்று கணக்கிட்டுப் பார்ப்பதற்காக அமைந்தது.

பழைய கைப்பேசியை விலைக்கு வாங்குவோருக்கு இவ்வெண் பெரிதும் பயன்படும். திரையில் தோன்றும் எண்ணும், பெட்டியின் மேல் ஒட்டப்பட்டுள்ள எண்ணும் ஒன்றாயிருத்தல் வேண்டும். வேறுபட்டிருந்தால், அந்தப் பெட்டி அந்தக் கைப்பேசியுடையது அன்று. விற்பவர் என்ன சமாதானம் கூறினாலும் வாங்காதிருப்பதே நலம். கைப்பேசி களவு போனால் காவல் நிலையத்தில் புகார் எழுதும்போதும் இவ்வெண் தேவைப்படும். "கறுப்பு நிறக் கைப்பேசி" என்று எழுதினால் நாட்டில் அத்தகையவை இலட்சக்கணக்கில் உள்ளன. களவு போன பின்னர் *#06# அழுத்திப் பார்க்கக் கையில் கருவி இராது என்பதை இங்கு நினைவூட்டத் தேவையில்லை.

சிம் அட்டைக்கும் தனி எண் உண்டு. அட்டையின் மேல் மிகச் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் அது 89 என்று தொடங்கும். தொலைத்தொடர்பைக் குறிப்பது அந்த 89. மலேசிய அட்டையாயின் அடுத்து 60 வரும்; அது நாட்டின் எண். இந்நீண்ட எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. அட்டை பொருத்தப்பட்டு வந்த பெரிய பிளாஸ்டிக் அட்டையைத் தூக்கியெறியாமல் வைத்திருந்தாலே போதும்.

எண் யார் பெயரில்?

மலேசியாவில் முன்கட்டண எண்களை வைத்திருப்போர் தம் பெயரைப் பதிவு செய்தல் வேண்டும் என்ற விதி 2006 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. எனவே, நாம் பயன்படுத்தும் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஓர் அடையாள அட்டை எண் இருக்கிறது. அது நம்முடையதுதானா என்பதே கேள்வி. தோட்டப்புறங்களில், பட்டணத்திற்குப் போகும் ஒருவரே தம் அடையாள அட்டையைக் காட்டி மூன்று நான்கு பேருக்கு அட்டை வாங்கி வருவது வழக்கமாக இருந்தது. உதவி என்று செய்யப்பட்டதே. ஆனால் சட்டப்படி அந்த எண்கள் அனைத்தும் அவருக்கே உரியவை. அட்டை தொலைந்தால் மாற்று அட்டை பெற அவரே செல்ல வேண்டும். அந்த எண்ணைக் கொண்டு வேறு யாரேனும் தீய செயல் புரிந்தால், காவல் துறையினர் முதலில் வந்து தட்டுவதும் அவர் வீட்டுக் கதவையே.

இதனைத் தெரிந்துகொள்ள, எண் வழங்கிய நிறுவனத்தின் சொந்தச் செயலியைத் திறந்து, தன்விவரப் பகுதியில் உள்ள பெயரைப் பார்க்கலாம். செயலி பழக்கமில்லாதவர் மைகார்டுடன் அந்நிறுவனத்தின் முகப்பிடத்திற்குச் சென்று கேட்கலாம். வேறொருவர் பெயரில் இருப்பது தெரிந்தால், அவரும் நாமும் ஒன்றாகச் சென்று பெயர் மாற்றம் கோருவதே முறை. அவர் ஊரில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

மற்றொன்று: முன்கட்டண எண்ணில் நீண்ட காலம் பணம் நிரப்பாமல் விட்டால் அவ்வெண் காலாவதியாகிவிடும், பின்னர் அது வேறொருவருக்கு வழங்கப்படலாம். அப்போது நம் வங்கியின் இரகசிய எண் முன்பின் அறியாத ஒருவரிடம் போய்ச் சேர வழி பிறக்கிறது.

கைப்பேசி தன்னைப் பற்றிக் கூறுவது

பற்சக்கர வடிவில் உள்ள 'செட்டிங்ஸ்' என்னும் பகுதி எல்லாக் கைப்பேசிகளிலும் உண்டு. மலாய் மொழியில் அமைத்திருந்தால் 'தெதாப்பான்' என்றும், தமிழில் அமைத்திருந்தால் 'அமைப்புகள்' என்றும் இருக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசியாயின், அதன் கடைசியிலோ, சில நிறுவனங்களின் கருவிகளில் முதலிலோ, 'அபவுட் போன்' என்ற வரி காணப்படும். ஐபோனில் 'ஜெனரல்' என்பதைத் திறந்தால் 'அபவுட்' இருக்கும். கருவியின் பெயர், மாதிரி எண், மென்பொருளின் பதிப்பு, ஐ.எம்.இ.ஐ. ஆகிய யாவும் அங்கே எழுதப்பட்டிருக்கும். அப்பக்கத்தைப் பார்வையிடுவதால் எதுவும் கெட்டுவிடாது. ஒன்று மட்டும்: 'பில்ட் நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்டினால், மென்பொருள் எழுதுவோருக்கான மறைவான பகுதி திறந்துகொள்ளும். பிள்ளைகள் விளையாட்டாக இதைச் செய்வதுண்டு. நமக்கு அங்கு வேலையில்லை.

பதிப்பு எண்ணை எதற்காகப் பார்க்க வேண்டும்? பழைய பதிப்புகளைச் செயலிகள் ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. 2023 அக்டோபரில் வாட்ஸ்அப், ஆண்ட்ராய்டு 5.0 பதிப்புக்குக் கீழ்ப்பட்ட கைப்பேசிகளில் இயங்குவதை நிறுத்திக்கொண்டது. வங்கிச் செயலிகள் இன்னும் கண்டிப்பானவை. பழைய கைப்பேசியை மலிவாக வாங்கி, அதில் வங்கிச் செயலி ஏறாமல் மீண்டும் கடைக்கு அலைவதைவிட, வாங்குமுன் இந்த ஒரு வரியைப் பார்த்துவிடுவது மேல். அதே பகுதியில் 'செக்யூரிட்டி பேட்ச்' என்று ஒரு தேதி காணப்படும். கருவிக்குக் கடைசியாகப் பாதுகாப்புத் திருத்தம் வந்த நாளை அது குறிக்கும். அத்தேதி பல ஆண்டுகள் பழையதாயின், அக்கைப்பேசியில் பண விவகாரங்களை வைத்துக்கொள்ளாதிருப்பது நல்லது.

மேலும், நம் நாட்டில் 3ஜி அலைவரிசைச் சேவை 2021 ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டது. 4ஜி வசதியில்லாத பழைய திறன்பேசியில் பேச முடியலாம். படமும் காணொளியும் வந்து சேருவது அரிது. தோட்டத்தில் சிக்னல் இல்லை என்று கோபுரத்தைக் குறை கூறுமுன் கருவியையும் ஒருமுறை பார்த்துவிடலாம். கோபுரத்தின் மீதும் குறை இருக்கக்கூடும் என்பதை நாம் மறுக்கவில்லை.

கணக்கு யார் பெயரில்?

இனி, எல்லாவற்றினும் முக்கியமான செய்திக்கு வருகிறோம். ஆண்ட்ராய்டு கைப்பேசியை முதன்முதலில் இயக்கும்போது கூகுள் கணக்கு ஒன்றைக் கேட்கும். செயலிகளை இறக்குவதும், படங்களைச் சேமிப்பதும், தொலைந்த கருவியைத் தேடுவதும் அக்கணக்கின் வழியாகவே நடைபெறுகின்றன. 'பிளே ஸ்டோர்' செயலியைத் திறந்து, வலப்பக்க மேல் மூலையில் உள்ள சிறு வட்டத்தைத் தொட்டால், கணக்கின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் தோன்றும். ஐபோனாயின் 'செட்டிங்ஸ்' பகுதியின் உச்சியிலேயே பெயர் இருக்கும்.

அங்கே காணும் பெயர் நம் பெயர்தானா? சிலருக்கு அறிமுகமில்லாத பெயர் ஒன்று தோன்றக்கூடும். கைப்பேசி விற்ற கடையில், நேரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு, ஒரே கணக்கைப் பல வாடிக்கையாளர்களின் கைப்பேசிகளில் போட்டுக் கொடுத்திருத்தல் கூடும். அவ்வாறாயின், நம் வீட்டுப் படங்கள் அக்கணக்கில் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கலாம். குளிப்பாட்டிய குழந்தையின் படமும், அடையாள அட்டையின் படமும், வங்கிப் புத்தகத்தின் படமும் அவற்றுள் அடங்கும். அக்கணக்கின் மறைச்சொல்லை அறிந்த எவரும் அவற்றைப் பார்க்கலாம்.

கணக்கு நம்முடையதே என்று தெரிந்தாலும் அதனோடு நின்றுவிடக் கூடாது. அதே வட்டத்தைத் தொட்டு, கணக்கை நிர்வகிக்கும் பகுதிக்குள் சென்றால், பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ் இரண்டு செய்திகள் கிடைக்கும். ஒன்று, மறைச்சொல் மறந்துபோனால் மீட்டுத் தருவதற்கான தொலைபேசி எண். அங்கே நாம் எப்போதோ கைவிட்ட எண் இருக்குமானால், பூட்டு நம்மிடமும் சாவி பிறரிடமும் இருப்பதற்கு ஒப்பாகும். உடனே மாற்றிவிட வேண்டும். மற்றொன்று, 'யுவர் டிவைசஸ்' என்ற பட்டியல். நம் கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்பதை அது காட்டும். இரண்டாண்டுகளுக்கு முன் விற்றுவிட்ட கைப்பேசி இன்னமும் அதில் இருப்பதைக் கண்டு வியப்படைவோர் உண்டு. அத்தகைய கருவியைத் தொட்டு 'சைன் அவுட்' கொடுத்தால் அதன் தொடர்பு அறுந்துவிடும்.

பிறர் கணக்கு நம் கைப்பேசியில் இருப்பின், அவசரப்பட்டு அதனை நீக்கிவிடலாகாது. முதலில் நம் பெயரில் புதிய கணக்கொன்றைத் திறந்து சேர்த்துக்கொண்டு, படங்களையும் தொலைபேசி எண்களையும் அதற்கு மாற்றிய பின்னரே பழையதை நீக்க வேண்டும். கூகுள் இலவசமாக அளிக்கும் இடம் 15 ஜி.பி. மட்டுமே, 2021 ஜூன் முதல் படங்களும் அந்த அளவுக்குள்ளேயே கணக்கிடப்படுகின்றன.

கைப்பேசியை விற்கும்போதோ, தம்பி தங்கைக்குக் கொடுக்கும்போதோ, நம் கணக்கை முறைப்படி நீக்கிய பின்னரே கொடுக்க வேண்டும். களவுக்குத் தடையாக ஆண்ட்ராய்டில் 2015 முதல் ஒரு பூட்டு வைக்கப்பட்டுள்ளது. கணக்கை நீக்காமல், மறைவான பொத்தான்களை அழுத்திக் கருவியை அடியோடு அழித்தாலும், மீண்டும் இயக்கும்போது முந்திய கணக்கின் மறைச்சொல்லைக் கேட்டு நின்றுவிடும். மறைச்சொல் தெரியாவிடில் அது வெறும் கண்ணாடித் துண்டே.

வாட்ஸ்அப்பும் அழைப்புத் திருப்பமும்

வாட்ஸ்அப் செயலியில் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் 'லிங்க்ட் டிவைசஸ்' என்ற வரி இருக்கும். நம் செய்திகள் வேறு எந்தக் கணினியிலாவது திறந்திருக்கின்றனவா என்பதை அது காட்டும். நாம் திறக்காத ஒன்று அங்கே இருந்தால், அதைத் தொட்டு 'லாக் அவுட்' செய்ய வேண்டும். இதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது.

*#21# என்று அழுத்தினால் கைப்பேசி ஒட்டுக்கேட்கப்படுவது தெரிந்துவிடும் என்றொரு செய்தி வலம் வருகிறது. அது உண்மையன்று. நமக்கு வரும் அழைப்புகள் வேறோர் எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டுள்ளனவா என்பதை மட்டுமே அது கூறும். இருப்பினும் அதுவும் அறியத்தக்கதே. நாம் திருப்பாத எண் ஒன்று அங்கே தோன்றினால் ##002# அழுத்தி அழைப்புப் பொத்தானை அமுக்க, எல்லாத் திருப்பங்களும் நீங்கும்.

சேமநிதிக் கணக்கு

1951 இல் ஊழியர் சேமநிதி தொடங்கிய காலந்தொட்டு, ஆண்டு அறிக்கைத் தாளைத் தகரப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்தவர்கள் நம் பெற்றோரும் பாட்டன்மாரும். இன்று அத்தாளின் இடத்தை 'ஐ-அக்காவுன்' செயலி பிடித்துக்கொண்டது. ஆண்டுக்கொரு முறை பார்த்ததை இப்போது மாதந்தோறும் பார்க்கலாம் என்பது தொழிலாளருக்குக் கிடைத்த பெரிய வசதி.

எதைப் பார்ப்பது? ஒவ்வொரு மாதச் சந்தாவையும் முதலாளி அடுத்த மாதம் 15 ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். 60 வயதுக்குட்பட்ட மலேசியத் தொழிலாளர் மாதம் 1,700 ரிங்கிட் பெறுகிறார் எனக் கொள்வோம். அவர் சம்பளத்திலிருந்து 11 விழுக்காடாக 187 ரிங்கிட் பிடிக்கப்படும். முதலாளி தம் பங்காக 13 விழுக்காட்டைச் சேர்க்க, அது 221 ரிங்கிட் ஆகும். ஆக மொத்தம் 408 ரிங்கிட் கணக்கில் ஏறியிருத்தல் வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டப்பட்டு, கணக்கில் அத்தொகை காணப்படாவிடில், இரண்டு மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்றிராமல், சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு சேமநிதி அலுவலகத்தை அணுக வேண்டும். இதற்காகவே சம்பளச் சீட்டுகளைக் கிழித்தெறியாமல் வைத்திருத்தல் அவசியம்.

2024 மே 11 முதல் 55 வயதுக்குட்பட்ட உறுப்பினர்களின் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. புதிதாக வரும் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்கிலும், 15 விழுக்காடு நல்வாழ்வுக் கணக்கிலும், 10 விழுக்காடு எந்நேரமும் எடுக்கத்தக்க கணக்கிலும் சேரும். திரையில் மூன்று தொகைகள் தோன்றுவதைக் கண்டு, பணம் குறைந்துவிட்டதாக எண்ணி அஞ்ச வேண்டாம்; மூன்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

அதே செயலியில் நம் தொலைபேசி எண் சரியாகப் பதிவாகியுள்ளதா என்றும் பார்க்க வேண்டும். கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய அம்மையாருக்கு நேர்ந்த இடர் இங்கேதான் தோன்றியது. எண் மாறியிருந்தால், மைகார்டுடன் சேமநிதி அலுவலகத்திற்குச் சென்று கைரேகை வைத்து மாற்றிக்கொள்ளலாம்.

கணினியில்

தோட்டத்தை அடுத்த சிற்றூர்கள் சிலவற்றில், முன்னர் 'பெடி' என்றும் தற்போது 'நாடி' என்றும் வழங்கும் தகவல் மையங்கள் உள்ளன. அங்குள்ள கணினிகளைப் பயன்படுத்துவோர் அவற்றின் உட்கூறுகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. எழும்போது நம் கணக்கை மூடிவிட்டோமா என்பதே கவலைப்பட வேண்டியது. இணையத் திரையின் வலப்பக்க மேல் மூலை வட்டத்தில் நம் பெயரோ படமோ இருக்குமானால், நாம் இன்னும் உள்ளேயே இருக்கிறோம் என்று பொருள்.

வீட்டில் பிள்ளைகளுக்குக் கணினி வாங்கியிருந்தால், விண்டோஸ் சின்னம் உள்ள விசையையும் 'ஆர்' விசையையும் சேர்த்து அழுத்துக. தோன்றும் சிறு கட்டத்தில் டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என்ற ஆறு எழுத்துகளை இடைவெளியின்றி எழுதி 'என்டர்' அழுத்தினால் பதிப்பு தெரியும். விண்டோஸ் 10 பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. பழைய கணினியை விலை பேசுவோர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எழுதி வைப்பது

இவ்வாறு கண்டறிந்தவற்றை ஒரு பள்ளிக் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் எழுதி, பிறப்புப் பத்திரங்கள் உள்ள பெட்டியிலேயே வைக்கலாம். கைப்பேசியின் மாதிரிப் பெயர், ஐ.எம்.இ.ஐ. எண், சிம் அட்டை யார் பெயரில் என்பது, கூகுள் கணக்கின் முகவரி, சேமநிதி உறுப்பினர் எண் ஆகியவை போதும். வங்கியின் மறைச்சொல்லையும் பின் எண்ணையும் அதில் எழுத வேண்டாம். இவ்விவரங்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பவர் யாராயினும், வங்கி என்றாலும், காவல் நிலையம் என்றாலும், ஒன்றையும் கூற வேண்டாம். இவை நாம் பார்த்துக்கொள்வதற்கே உரியவை.

கைப்பேசி தொலைந்த நாளில் முதலில் வேறொருவர் கைப்பேசியிலிருந்து எண் வழங்கிய நிறுவனத்தை அழைத்து எண்ணை நிறுத்தி வைக்க வேண்டும். அடுத்து வங்கி. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்ற எண்ணைத் தாமதமின்றி அழைக்க வேண்டும். அதன் பின்னர், குறிப்பேட்டுடன் காவல் நிலையத்திற்குச் செல்லலாம்.